ட்ராஃபிக்கில் ஊர்ந்தால் கொதிக்கிற பஜெரோ: ஃபேனா, ரேடியேட்டரா, ஹெட்டா?

வெள்ளவத்தை_பஜெரோ | சனி இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வண்டி 1995 பஜெரோ, 4எம்40 எஞ்சின், 2.8 டர்போ டீசல், ஓட்டோ கியர். ரெண்டு வருசத்துக்கு முன்னம் யாழ்ப்பாணத்தில ஒராளிட்ட வாங்கினனான். 2020இல இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய வண்டியளின்ர விலை எங்க போய் நிண்டது எண்டு உங்களுக்குத் தெரியும். எண்டாலும் சின்ன வயசு ஆசை, விட முடியேல்ல.

காலமையில ஆளில்லாத ரோட்டில ஓடேக்க சூடு காட்டுற ஊசி நடுவுக்குக் கொஞ்சம் கீழ அசையாம நிக்கும். பின்னேரம் காலி வீதியில பம்பலப்பிட்டியிலேருந்து வீட்டுக்கு ஏசியோட ஊர்ந்து வந்தா பத்து நிமிசத்தில முக்கால்வாசி ஏறிடும். ஏசியை நிப்பாட்டினா மெல்ல இறங்கும். அதோட வாழப் பழகியிருந்தன். போன மாசம் குடும்பத்தோட மீமுரே போனம். ஹுன்னஸ்கிரிய கழிச்சு, லோ ரேஞ்சில (ஏத்தத்துக்குப் போடுற மெதுவான கியர்) ஊர்ந்து ஏறேக்க ஊசி சிவப்பைத் தொட்டுட்டுது. மிச்சத் தண்ணி டாங்கியால சீறி வெளிய அடிச்சுது. பிள்ளையளை இறக்கிவிட்டு ஒரு மணித்தியாலம் ரோட்டோரம் நிண்டனாங்கள். மனிசி ஒண்டும் சொல்லேல்ல. சொல்லியிருந்தா பரவாயில்ல.

வந்து கராஜில குடுத்தன். ரேடியேற்றரைக் கழட்டிக் கழுவினவை, மூடி புதுசு போட்டவை. தேர்மோஸ்டட்டை (எஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணியை ரேடியேற்றருக்கு விடாம மறிக்கிற வால்வு) கராஜ் பாஸ் கழட்டி எறிஞ்சிட்டார், "அது குளிர் நாட்டுக்காரருக்கு, எங்கட நாட்டுக்கு என்னத்துக்கு" எண்டு. அதுக்குப் பிறகும் அதே கதைதான். இப்ப ஹெட் காஸ்கெட் (எஞ்சினுக்கும் அதின்ர மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில இருக்கிற சீல்) போயிருக்கும், ஹெட்டைக் கழட்டிப் பாப்பம் எண்டு சொல்லுறார். கழட்ட விட முதல் உங்களிட்டக் கேப்பம் எண்டு வந்தன்.

கொட்டகலை_லொறிக்காரன் | சனி இரவு 11:15

அண்ணே, ஹெட்டக் கழட்ட வேணாம், கொஞ்சம் நில்லுங்க. ஒரே ஒரு கேள்வி. எக்ஸ்பிரஸ்வேயில நூறுல போனா ஏறுதா, ஏறலையா? நான் பதினேழு வருசமா அவிசாவளை, கினிகத்தேன, ஹட்டன் ரோட்டுல லொறி ஓட்டுறேன். எங்க மொதலாளி வண்டி சூடு ஏறுதுன்னு சொன்னா மொத இதத்தான் கேப்பாரு.

பஞ்சிகாவத்தை_பார்ட்ஸ்நானா | ஞாயிறு காலை 6:50

ஃபேன் மச்சான், ஃபேன். விஸ்கஸ் செத்திருக்கும். எண்பது வீதம் அதுதான். ஹெட்டுக்குக் கை வைக்க வாணாம்.

வெள்ளவத்தை_பஜெரோ | ஞாயிறு காலை 8:05

@கொட்டகலை: கொட்டாவையில ஏறி காலி வரைக்கும் போனன் போன கிழமை. தொண்ணூறு நூறில ஏசியோட ஒண்டுமில்ல. ஊசி அசையவே இல்ல. காலியில இறங்கி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஊரத் தொடங்கினதும் ஏறிச்சுது.

@நானா: விஸ்கஸ் எண்டா முன்னால சுத்துற அந்தப் பெரிய ஃபேன்தானே? அது வடிவா சுத்துது. பாஸும் பாத்தவர், "சுத்துதுதானே" எண்டவர்.

பழைய_ஸ்பானர் | ஞாயிறு காலை 9:30

தம்பி, நான் ஓய்வு பெற்று எட்டு வருஷம். இப்போது வேலை எதுவும் எடுப்பதில்லை, ஆகவே உங்களிடம் விற்க என்னிடம் ஒன்றுமில்லை. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

கொட்டகலைக்காரர் கேட்டதுதான் சரியான முதல் கேள்வி. வேகமாக ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்து வரும், ஃபேனுக்கு வேலை குறைவு. ஊரும்போது காற்றைக் கொண்டு வருவது ஃபேன் மட்டும்தான். வேகத்தில் நல்லாக இருந்து, ஊரும்போது ஏறினால் குறை காற்றில். மறுபக்கமாக, ட்ராஃபிக்கில் சும்மா நின்று, ஹைவேயில் எண்பதைத் தாண்டினால் ஏறுகிறதென்றால் தண்ணீர் ஓட்டத்தில் குறை: அடைபட்ட கோர் (ரேடியேட்டருக்குள் இருக்கிற மெல்லிய குழாய்கள்), தேய்ந்த பம்ப், உறிஞ்சும்போது உள்ளே சப்பிப்போகிற கீழ் ஹோஸ். இரண்டிலும் ஏறி, ஹோஸும் கல்லாகி, தண்ணீரும் காரணமில்லாமல் குறைந்தால் அப்போது ஹெட்டைப் பற்றிப் பேசலாம். உங்கள் வண்டி முதலாவது வகை. ஹெட்டைக் கழற்றச் சொன்னவர் இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டாரா?

இனி "சுத்துதுதானே" என்பதற்கு வருகிறேன். விஸ்கஸ் ஃபேன் எப்போதும் சுற்றும். பெல்ட் பூட்டியிருக்கிறது, பேரிங் இருக்கிறது, எண்ணெய் ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் வெறும் உராய்விலேயே சுற்றும். கேள்வி என்னவென்றால் சூடானபோது அது எஞ்சினோடு பிடிக்கிறதா, அல்லது வழுக்கிக்கொண்டு சோம்பலாகச் சுற்றுகிறதா. நடுவில் இருக்கிற அந்த அலுமினிய டப்பாவுக்குள் சிலிக்கன் எண்ணெய் இருக்கிறது, தேன் மாதிரிக் கெட்டியானது. டப்பாவின் முகத்தில் ரேடியேட்டரைப் பார்த்தபடி சுருள் மாதிரி ஒரு பட்டை இருக்கும். இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்தது. ரேடியேட்டரைக் கடந்து வருகிற காற்று சூடானால் அந்தச் சுருள் முறுகி உள்ளே ஒரு வாசலைத் திறக்கும், எண்ணெய் வேலை செய்யும் இடத்துக்கு வரும், ஃபேன் பிடிக்கும். அந்த எண்ணெய் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். உங்கள் வண்டிக்கு முப்பது வயது. அந்த டப்பாவை யாராவது ஒருமுறையாவது மாற்றியிருப்பார்களா?

மூன்று சோதனை செய்யுங்கள், ஒன்றுக்கும் காசு தேவையில்லை.

ஒன்று, காலையில் முதன்முதல் ஸ்டார்ட் பண்ணும்போது பொனெட் பக்கம் காது கொடுங்கள். நல்ல விஸ்கஸ் முதல் ஒரு நிமிஷம் அளவில் விமானம் மாதிரி இரையும், பிறகு அடங்கும். இரவு முழுக்க எண்ணெய் உள்ளே இறங்கி நிற்பதால் வருகிற இரைச்சல் அது. உங்கள் வண்டியில் அது கேட்கிறதா?

இரண்டு, நன்றாகச் சூடேறியபின் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுற்றுங்கள். பிசுபிசுவென்று இழுத்துப் பிடிக்க வேண்டும். மேசை ஃபேன் மாதிரி இரண்டு மூன்று சுற்று தானாக ஓடினால் அது செத்தது.

மூன்று, டப்பாவின் முகத்திலிருந்து வெளிப்பக்கமாக, சூரியக் கதிர் வரைந்த மாதிரி கறுப்புக் கோடுகள் இருக்கிறதா பாருங்கள். கசிந்த எண்ணெயில் தூசி ஒட்டியது அது.

தேர்மோஸ்டட்டைப் பற்றி எனக்குக் கோபம் வருகிறது, அதைப் பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

சும்மா_எட்டிப்பார்த்தவன் | ஞாயிறு காலை 10:12

என்ட ஜிம்னியும் இப்பிடித்தான் ஏறுது. அதுக்கும் இதே டெஸ்டா?

பழைய_ஸ்பானர் | ஞாயிறு காலை 10:20

விஸ்கஸ் ஃபேன் உள்ள எந்த வண்டிக்கும் இதே சோதனைதான். ஆனால் தம்பி, தனி இழை ஒன்று தொடங்குங்கள். இரண்டு நோயாளியை ஒரே கட்டிலில் படுக்க வைத்தால் மாத்திரை மாறிப் போகும்.

பஞ்சிகாவத்தை_பார்ட்ஸ்நானா | ஞாயிறு காலை 11:40

பேப்பரச் சுருட்டி ஃபேனுக்குள்ள நீட்டி நிப்பாட்டிப் பாக்குற டெஸ்ட் ஒண்டு யூடியூப்ல ஈக்குது. அத மட்டும் செஞ்சிராதீங்க. எங்கட கடைல வேல செஞ்ச பொடியன் ஒருத்தனுக்கு அப்பிடிச் செஞ்சு நகம் போச்சு. பழைய ஃபேன் ப்ளேட் வெடிச்சுப் பறக்கவும் செய்யும், ப்ளாஸ்டிக் முப்பது வருசம் சூட்டுல வெந்தது.

கொட்டகலை_லொறிக்காரன் | ஞாயிறு பகல் 1:05

நானா சொல்றது நெசம். அதே மாதிரி கொதிக்கிற நேரம் மூடிய தொறக்கவும் கூடாதுண்ணே. ரம்பொடையில ஒரு வேன்காரரு சாரத்தால மூடியப் புடிச்சுத் தொறந்து மொகமெல்லாம் வெந்துபோச்சு, நாங்கதான் ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனோம்.

பழைய_ஸ்பானர் | ஞாயிறு மாலை 5:30

தேத்தண்ணி குடித்தாயிற்று.

தேர்மோஸ்டட் குளிர் நாட்டுக்காரருக்கு மட்டும் என்பது இந்த நாட்டில் ஐம்பது வருஷமாகச் சொல்லப்படுகிற கதை. கொழும்பில் முப்பது டிகிரி வெயிலடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். அதற்கு எண்பதுக்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே ஓடினால் டீசல் சரியாக எரியாது, எண்ணெயில் கரி சேரும், சிலிண்டர் தேயும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நிறைய எஞ்சின்களில் தேர்மோஸ்டட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். சூடானதும் மேல் வாசல் திறக்க, இந்தத் தட்டு கீழே போய் பைபாஸ் வழியை மூடும். தேர்மோஸ்டட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்து கிடக்கும், வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குள் திரும்பிப் போகும். குளிர வைக்கிறேன் என்று கழற்றியதே சூட்டைக் கூட்டிவிடும். உங்கள் பழையது எறியாமல் கிடந்தால் அடியில் அந்தத் தட்டு இருக்கிறதா பாருங்கள். எறிந்திருந்தால் புதியது வாங்கிப் போடுங்கள். போடுமுன் வீட்டில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, வெப்பமானியோடு கொதிக்க விட்டுப் பாருங்கள். 82 என்று குத்தியிருந்தால் அந்தக் கணக்கில் மெல்லத் திறக்கத் தொடங்கி, கொதிநிலைக்குக் கிட்டப் போகும்போது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். திறக்காத புதுத் தேர்மோஸ்டட்டும் நான் வாங்கியிருக்கிறேன்.

மூடியும் அப்படித்தான். 0.9 என்று எழுதியிருக்கும். அந்த அழுத்தத்தைப் பிடித்தால் கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி கிட்டப் போய்த்தான் கொதிக்கும். பிடிக்காவிட்டால் 100. அதே ஓட்டை மூடியோடு 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவுக்குப் போனால் 94லேயே கொதிக்கும். மலை ஏறும்போது வண்டி கொதிப்பதில் பாதி எஞ்சின் படும் பாடு, மீதி இந்தக் கணக்கு.

வெள்ளவத்தை_பஜெரோ | திங்கள் காலை 7:10

ஐயா, மூண்டும் செய்தன். காலமை இரைச்சல் இல்லவே இல்ல. நான் அதை நல்ல வண்டி, சத்தமில்லாத வண்டி எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்! சூட்டில கையால சுத்த நாலு சுத்து ஓடிச்சுது. கறுப்புக் கோடும் இருக்கு, படத்தில கீறின மாதிரி.

இன்னொண்டும் கண்டுபிடிச்சன். ஃபேனைச் சுத்தி இருக்கிற ப்ளாஸ்டிக் கூட்டின்ர கீழ்ப்பாதி இல்ல. மேல்பாதி மட்டும்தான் இருக்கு. கழுவக் குடுக்க முன்னம் முழுசா இருந்ததுக்கு என்னட்டப் படம் இருக்கு, விக்கிறவர் அனுப்பினது. கராஜில கேட்டன், "உடைஞ்சு கிடந்தது, அது தூசிக்குத்தானே" எண்டு சொல்லுறார்.

பழைய_ஸ்பானர் | திங்கள் காலை 7:45

தூசிக்கா! அந்தக் கூடு இல்லாவிட்டால் ஃபேன் தன்னைச் சுற்றியிருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் கலக்கும். ரேடியேட்டரின் மூலைகள் வழியாக ஒன்றும் வராது. ஃபேன் வட்டம், ரேடியேட்டர் சதுரம். அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிற மூலைகளிலிருந்து காற்றை இழுத்துக் கொடுப்பதே கூடுதான். அது வந்தே ஆகவேண்டும். நானா, எடுத்துக் கொடுப்பீர்களா?

பஞ்சிகாவத்தை_பார்ட்ஸ்நானா | திங்கள் காலை 9:15

விஸ்கஸ் ஈக்குது, ஜப்பான்ல இருந்து வந்த எஞ்சினோட கழட்டினது. புதுசு வேணும்டா ரெண்டு தரம் ஈக்குது, ஒண்டு ஒரிஜினல், மத்தது பெட்டி மட்டும் ஒரிஜினல். வெல இங்க எழுத மாட்டன், அடுத்த கெழம மாறிரும், பொறகு என்னத் திட்டுவீங்க. கூடு மேலயும் கீழயும் சேத்து ஒரு செட் தேடிப் பாக்குறன்.

பழைய விஸ்கஸுக்கு எண்ண ஊத்தி ஓட்டுற ஆக்களும் ஈக்குறாங்க. டொயோட்டாக்காரன் சிலிக்கன் எண்ணய சின்ன ட்யூப்ல விக்கிறான். சீல் நல்லா ஈந்தா வேல செய்யும். ஒங்கடதுல கோடு போட்டு ஒழுகியிருக்கு, ஊத்தினது திரும்ப ஒழுகும். வாணாம்.

வயர்_முடிச்சு | திங்கள் பகல் 12:30

இவ்வளவு செலவழிக்கிறதுக்கு விஸ்கஸையே கழற்றிப் போட்டுட்டு ரெண்டு எலக்ட்ரிக் ஃபேன் போடலாமே? நான் என் வண்டிக்குப் போட்டு மூணு வருஷம் ஆச்சு. எஞ்சின் லேசா இழுக்குது, ட்ராஃபிக்ல நின்றாலும் ஃபேன் முழு வேகம், ஆற்றைக் கடக்கும்போது சுவிட்ச்ல நிறுத்திடலாம். விஸ்கஸ் பிடிச்சிருக்கிற நேரம் ஆழமான தண்ணிக்குள்ள இறங்கினா ப்ளேட் படகுத் துடுப்பு மாதிரி முன்பக்கம் வளைஞ்சு ரேடியேட்டரையே அறுத்துடும். பார்த்திருக்கேன்.

பழைய_ஸ்பானர் | திங்கள் பகல் 1:10

ஆற்று விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 2.8 டீசல், ஏழு பேர், லோ ரேஞ்ச், ஏற்றம், பின்னாலிருந்து அடிக்கிற காற்று. அந்த நேரம் நல்ல விஸ்கஸ் இழுக்கிற காற்றை ஒரு பழைய காரில் கழற்றிய எலக்ட்ரிக் ஃபேன் இழுக்காது. உங்கள் ஃபேன் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்தீர்களா?

வயர்_முடிச்சு | திங்கள் பகல் 1:25

அளந்தேன் ஐயா, அதுதானே என் வேலை. ரெண்டும் சேர்ந்து முப்பத்தெட்டு ஆம்பியர். ஆல்டர்னேட்டர் பெரிசு போட்டுத்தான் செய்தேன். ஒத்துக்கிறேன், எல்லாருக்கும் சரிவராது. எங்கள் ஊரில் ஒரு பஜெரோவுக்கு ரிலே (பெரிய கரண்டைத் தாங்குற தனி சுவிட்ச்) இல்லாம நேரே டாஷ்போர்ட் சுவிட்ச்சுக்கு வயர் இழுத்துக் கொடுத்திருந்தாங்க. பேஸ்லைன் ரோட்டில் வைத்து சுவிட்ச் உருகி, புகை.

பஜெரோக்காரரே, உங்கள் வண்டியில் முன்பக்கம் ஏசி கண்டென்சருக்கு (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசி காஸைக் குளிர வைக்கிறது) ஒரு எலக்ட்ரிக் ஃபேன் இருக்குமே, அது ஓடுதா? ஓடுதான்னு மட்டும் பார்க்காதீங்க. எந்தப் பக்கம் ஊதுதுன்னு பாருங்க. வண்டி நிற்கும்போது ஏசியைப் போட்டுட்டு க்ரில்லுக்கு முன்னால் ஒரு டிஷ்யூப் பேப்பரைப் பிடிங்க. உள்ளே இழுத்து ஒட்டிக்கணும். அப்படியே ஃபேன் ப்ளக்கில் மீட்டர் வைத்து, ஓடும்போதே வோல்ட்டையும் பாருங்க.

வெள்ளவத்தை_பஜெரோ | செவ்வாய் இரவு 8:50

வயர் அண்ணை, உங்களுக்கு ஒரு கொத்து ரொட்டி கடன். டிஷ்யூ என்ர முகத்தில வந்து ஒட்டிச்சுது! ஃபேன் வெளிப்பக்கமா ஊதுது! ரோட்டில போகேக்க வாற காத்துக்கு எதிரா, நிக்கேக்க பெரிய ஃபேனுக்கு எதிரா. ரெண்டு ஃபேனும் சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்குதுகள். முந்தி வச்சிருந்தவர் மோட்டர் மாத்தேக்க வயர் ரெண்டையும் மாறிப் பூட்டியிருக்கிறார். மாத்திப் பூட்டினன்.

வோல்ட் பற்றரியில 13.9, ஃபேன் ப்ளக்கில 11.2. இது குறைவுதானே?

வயர்_முடிச்சு | செவ்வாய் இரவு 9:02

ரொம்பக் குறைவு. ரெண்டு வோல்ட்டுக்கு மேல வழியிலேயே தொலையுது. மீட்டரின் ஒரு கம்பியை ஃபேனின் எர்த் வயரிலும் மற்றதைப் பற்றரி நெகட்டிவிலும் வையுங்க, ஃபேன் ஓடும்போது. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் துரு. முன் மட்கார்டுக்குள்ள ஒரு போல்ட்டில் போய் முடியும், கழற்றி உப்புத்தாளால் தேய்ச்சுக் கிரீஸ் பூசிப் பூட்டுங்க. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நிறுத்துற வண்டி எல்லாத்துக்கும் இது வரும், உப்புக் காத்து.

ஒரு நாள் அந்த ஃபேனைக் கையால சுத்தியும் பாருங்க, பேரிங் கரகரக்குதான்னு.

கொட்டகலை_லொறிக்காரன் | செவ்வாய் இரவு 9:40

ரெண்டு ஃபேன் சண்டை! எங்க லயத்துல ரெண்டு மாமியாரு இருந்த வீடு ஞாபகம் வருது.

வெள்ளவத்தை_பஜெரோ | அடுத்த வாரச் சனி மாலை 6:20

நிலவரம் சொல்லுறன். நானாவிட்டப் போய் விஸ்கஸும் கூடும் எடுத்தன். நேர்மையான மனிசன், ரெண்டு விஸ்கஸை மேசையில வச்சுக் கையால சுத்தக் காட்டித்தான் தந்தவர். தேர்மோஸ்டட் வாங்கி வீட்டில சட்டியில அவிச்சுப் பாத்தன், அம்மா என்ன சூப் எண்டு கேட்டவா. எர்த்துக்கு உப்புத்தாள் போட்டன், இப்ப ப்ளக்கில 13.4.

காலமை ஸ்டார்ட் பண்ண உறுமினது கேட்டு பக்கத்து வீட்டு அங்கிள் வெளிய வந்திட்டார்.

காலி வீதி, பின்னேரம், ஏசி, மழைக்குப் பிந்தின ட்ராஃபிக். ஊசி அசையேல்ல. சந்தோசத்தில போன ஞாயிறு விடிய கண்டிக்கு வெளிக்கிட்டன். அங்கதான் திரும்பவும் ஒரு இடி. மாவனெல்லை கழிச்சு கடுகண்ணாவ ஏத்தத்தில, ஏசியோட, லொறி ஒண்டுக்குப் பின்னால முப்பதில ஏறேக்க ஊசி கிளம்பிச்சுது. சிவப்பில்ல, முக்கால். அந்த ஓட்டை போட்ட பாறைக்கிட்ட நிப்பாட்டினன். இது என்ன, இப்பவும் காத்தா? இல்லாட்டி பாஸ் சொன்ன ஹெட்தானா?

(ஞாயிறு போயிட்டு இண்டைக்குத்தான் எழுதுறன், வேலை.)

கொட்டகலை_லொறிக்காரன் | சனி இரவு 7:15

தண்ணி கொறையுதாண்ணே?

வெள்ளவத்தை_பஜெரோ | சனி இரவு 7:30

இல்ல. ஆறு நாளா மிச்சத் தண்ணி டாங்கி அதே கோட்டில.

பழைய_ஸ்பானர் | சனி இரவு 8:40

தண்ணீர் குறையவில்லை என்பது நல்ல சகுனம். ஹெட் பயத்தைத் தீர்த்துக்கொள்ள இரண்டு வேலை. இரவு முழுக்க நின்ற வண்டி, ஸ்டார்ட் பண்ணுமுன் மேல் ஹோஸை அமத்திப் பாருங்கள், மெத்தென்று இருக்க வேண்டும். விடியற்காலையிலும் அது உப்பிக் கல்லாக நின்றால் சிலிண்டர் வாயு உள்ளே போய் அழுத்தம் தங்கியிருக்கிறது. பிறகு, எஞ்சின் பச்சைத் தண்ணியாக இருக்கும்போதே மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணி, கழுத்துக்குள் பாருங்கள். முதலில் தங்கியிருந்த காற்று நாலைந்து குமிழி வரும், அது பரவாயில்லை. ஐந்து நிமிஷம் கழித்தும், எஞ்சினை லேசாக முறுக்கும்போது, சோடாப் போத்தல் மாதிரி ஓயாமல் வந்தால்தான் கவலை.

அது சுத்தமாக இருந்தால் மீதி சந்தேகம் ரேடியேட்டர். யாழ்ப்பாணத்து வண்டி என்று சொன்னீர்கள், அன்றைக்கே கேட்க நினைத்து மறந்தேன். அங்கே நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் முழுக்கக் கல். உங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் படிகிற அந்த வெள்ளைப் படை, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டருக்குள்ளும் படியும். 2022இல் எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் துருவும் சேர்ந்தது. வெறும் கழுவலில் அது போகாது. ரேடியேட்டரின் டாங்கியை வெட்டித் திறந்து கம்பி விட்டுக் குத்த வேண்டும், அல்லது கோர் மாற்ற வேண்டும்.

அதற்கு முதல் ஒரு சூட்டுத் துப்பாக்கி கடன் வாங்குங்கள், தூரத்திலிருந்து சுட்டால் வெப்பம் காட்டுமே. டாஷ்போர்ட் ஊசியை நம்ப வேண்டாம், அது ஒரு வயரை வைத்துச் சொல்கிற சாத்திரம். ஆனால் மினுங்குகிற அலுமினியத்தில் சுட்டால் பொய்யாகக் குறைத்துக் காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் சுடுங்கள். வண்டியை நன்றாகச் சூடாக்கி, ரேடியேட்டரின் முகத்தில் கட்டம் கட்டமாகச் சுட்டுக்கொண்டு போங்கள். ஒழுங்காகக் குறைந்துகொண்டு போக வேண்டும். நடுவில் ஓரிடம் திடீரென்று குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை.

பஞ்சிகாவத்தை_பார்ட்ஸ்நானா | சனி இரவு 9:30

மீமுரே போய் சேறெல்லாம் கலக்கிட்டு வந்தீங்கதானே. கழுவக் குடுத்த நேரம் கண்டென்சரக் கழட்டினாங்களா? இல்லாட்டி ரேடியேட்டர மட்டும் எடுத்துக் கழுவிட்டு வச்சாங்களா?

வெள்ளவத்தை_பஜெரோ | ஞாயிறு பகல் 2:15

நானா!!

காலமை ஹோஸ் மெத்தெண்டு இருந்தது. குமிழி மூண்டு வந்துது, பிறகு ஒண்டுமில்ல. துப்பாக்கி வயர் அண்ணையிட்ட வாங்கினன். ரேடியேற்றர் ஒழுங்கா குறைஞ்சுகொண்டு போகுது, மேல ஹோஸில 91, கீழ ஹோஸில 83. உள்ளுக்கு அடைப்பு இருக்கிற மாதிரித் தெரியேல்ல. அப்ப முன்னுக்கு இருக்கிற கண்டென்சரை நாலு போல்ட் கழட்டி, காஸ் பைப்பை அசைக்காம, ஒரு சாண் முன்னுக்குச் சாய்ச்சுப் பாத்தன். பின்பக்கம் கீழ்ப்பாதி முழுக்க செம்மண். காய்ஞ்சு ஓடு மாதிரி. அதுக்குள்ள இலை, வைக்கோல், ஒரு பட்டாம்பூச்சி. ரேடியேற்றரைக் கழுவினவை, அதுக்கு முன்னால இருக்கிற சுவரைக் கழுவேல்ல.

குழாய்த் தண்ணியை மெல்லிசா எஞ்சின் பக்கத்திலேருந்து முன்னுக்கு அடிச்சன். ப்ரஷர் கன் வச்சா செதிள் மடங்கும் எண்டு தெரியும். ஒன்றரை மணித்தியாலம் செந்தண்ணி ஓடிச்சுது, கீழ்வீட்டுக்காரர் பால்கனியிலேருந்து பாத்துக்கொண்டு நிண்டவர்.

பழைய_ஸ்பானர் | ஞாயிறு பகல் 2:50

நானா வென்றார். நான் கிணற்றுத் தண்ணீரில் தேடிக்கொண்டு நின்றேன், அவர் சேற்றில் எடுத்தார்.

தம்பி, இனித் தண்ணீர் நிரப்பும்போது கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். வண்டியின் மூக்கை மேட்டில் வைத்து, உள்ளே ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிட்டு நிரப்புங்கள், காற்று வெளியே வரும். ஜப்பானிலிருந்து வந்த வண்டியென்றால் பின் சீட்டுக்கும் ஒரு ஹீட்டர் இருக்கும், அதற்குப் போகிற பைப் வண்டிக்கு அடியால் ஓடும். இங்கே அதை வெட்டி அடைத்துவிடுவார்கள். அடைக்காமல் இருந்தால் துரு பிடித்து ஓட்டையாகும். ஒருமுறை படுத்துப் பாருங்கள்.

வெள்ளவத்தை_பஜெரோ | அடுத்த ஞாயிறு இரவு 9:10

கடுகண்ணாவ ஏறினன். வேணுமெண்டே பகல் பன்னிரண்டு மணிக்கு, ஏசியோட, அஞ்சு பேர், லொறிக்குப் பின்னால. பாறையைத் தாண்டி மேல டோசன் கோபுரத்துக்கிட்ட நிப்பாட்டி கறுப்பு டேப்பில சுட்டன்: 92. ஊசி அதே இடம். இந்த முறை மனிசி ஒரு வசனம் சொன்னவ: "பசிக்குது."

பின் ஹீட்டர் பைப்பைப் படுத்துப் பாத்தன். வெட்டித்தான் அடைச்சிருக்கு, ஒரு பக்கம் போல்ட் செருகி க்ளிப் போட்டு. வடிவில்லாட்டியும் ஒழுகேல்ல, அப்பிடியே விட்டிட்டன்.

பழைய விஸ்கஸை வாளால அறுத்துப் பாத்தன், ஆசைக்கு. உள்ளுக்கு எண்ணெய் ஒரு கரண்டி அளவுகூட இல்ல.

சும்மா_எட்டிப்பார்த்தவன் | அடுத்த ஞாயிறு இரவு 9:35

நான் தனி இழை போட்டேன், ஒருத்தரும் வரல்ல. டிஷ்யூ டெஸ்ட் செஞ்சேன், ஜிம்னி நல்லா இழுக்குது. காலையில இரைச்சலும் வருது. ஆனா ஹைவேயில ஏறுது.

கொட்டகலை_லொறிக்காரன் | அடுத்த ஞாயிறு இரவு 9:41

அப்ப ஒங்களுக்கு தண்ணிப் பக்கம் தம்பி. கீழ் ஹோஸ அமத்திப் பாருங்க, நான் அங்க வர்றேன்.

பஞ்சிகாவத்தை_பார்ட்ஸ்நானா | அடுத்த ஞாயிறு இரவு 10:05

அறுத்த விஸ்கஸ எறிஞ்சிராதீங்க மச்சான், கடைக்கு எடுத்துட்டு வாங்க. "சுத்துதுதானே"ண்டு வாற ஆக்களுக்குக் காட்ட மேசைல வைக்கணும்.